பாம்பு பிடிக்கும் லைசென்சும் பிடிப்போர் சங்கமும்

நிலக்கடலை பிடுங்கும் காலம் வந்துவிட்டால் நமது சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் ஆஸ்பத்திரி வாயில்களில் ஒரு காட்சி தவறாது காணக்கிடைக்கும். காலை வேட்டிக் கிழிசலால் இறுகக் கட்டிக்கொண்டு, இருவர் தோளில் தொங்கியவாறு ஒரு குடியானவன் வந்து சேருவான். ராசிபுரத்துப் பக்கத்துக் கொல்லையாக இருக்கலாம். ஆத்தூருக்குக் கிழக்கே வசிஷ்ட நதிக்கரையாக இருக்கலாம். பரமத்தி வேலூரின் வெற்றிலைக் கொடிக்காலாகவும் இருக்கலாம். களத்துக்குச் செல்லாதவருக்கும் தப்பில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் இரவு ஷிப்ட் முடித்துத் தறிப்பட்டறைத் தரையிலேயே படுத்துறங்கும் தொழிலாளியைக் கட்டுவிரியன் தேடி வருகிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தோன்றாமையால், பூச்சி கடித்ததென்று எண்ணி மறுபடி உறங்கிப் போனவர் பலர் விடியலைக் காணாமலே போயினர்.

வைத்தியர் ஒரு சிறு குப்பியை எடுத்து மருந்தேற்றுகிறார். பிழைத்தவன் வைத்தியரைக் கும்பிடுகிறான். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கோழியையும் அறுக்கிறான். அக்குப்பியில் இருந்தது எங்கிருந்து வந்ததென்று அவன் கேட்பதில்லை. கேளாதது அவன் குற்றமன்று. தேசாபிமானம் பேசும் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இத்தேசத்தில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருளான விஷத்தின் பெரும்பகுதி, செங்கற்பட்டு ஜில்லாவில் மகாபலிபுரத்துக்கு அருகேயுள்ள வடநெம்மேலியிலிருந்து செல்கிறது. அதை எடுத்துக் கொடுப்போர் இருளர்கள். இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் என்பது அவர்களுடைய ஸ்தாபனத்தின் பெயர். அச்சங்கத்தின் உயிர்நாடியாக இருப்பது ஒரு லைசென்சு. ‘இன்ன பாம்பில் இத்தனை’ என்று அந்த லைசென்சில் எழுதப்படும் எண்ணே, மும்பையிலும் புனாவிலும் ஹைதராபாத்திலும் உள்ள மருந்து உற்பத்தியாளரிடம் எத்தனை கிராம் விஷம் போய்ச் சேரும் என்பதை நிர்ணயிக்கிறது. அவ்வெண்ணை எழுதுவது யார், யாரைக் கேட்டு, எப்பொழுது எழுதுகிறார்கள் என்பதே இன்று நாம் விசாரிக்க விரும்பும் விஷயம்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம், வக்கீலுக்கு அது பழக்கதோஷம். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபொழுது அதில் நால்வகை லைசென்சுகள் இருந்தன. பெரிய வேட்டை, சிறு வேட்டை, விசேஷ வேட்டை ஆகியவற்றுடன், காட்டு விலங்கைப் பொறிவைத்துப் பிடிப்பதற்கென்று தனியாக ஒரு லைசென்சும் இடம்பெற்றிருந்தது. பெற்றவர் தாம் பிடித்ததற்கும் கொன்றதற்கும் கணக்கு எழுதி வைத்தல் வேண்டுமென்றும் சட்டம் கூறிற்று. 1991-ம் வருஷத்துத் திருத்தத்தால் அந்த ஏற்பாடு முழுவதும் நீக்கப்பட்டு, வேட்டை என்பதே தடுக்கப்பட்டதாயிற்று. அத்திருத்தத்தை நாம் குறைகூறவில்லை. துப்பாக்கி ஏந்திய ஜமீன்தார்களும் துரைமார்களும் காட்டைக் காலிசெய்த சரித்திரத்துக்குப் பிறகு அது அவசியமாகவே இருந்தது. ஆயினும் ஜமீன்தாரனின் பொழுதுபோக்கையும், கண்ணிவைத்து வயிறு வளர்த்தவனின் பிழைப்பையும் ஒரே கதவால் சாத்தியதை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

சாத்திய கதவில் விடப்பட்ட சிறு துவாரமே 12-வது பிரிவு. கல்வி, விஞ்ஞான ஆராய்ச்சி முதலிய சில காரியங்களுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி அளிக்கலாமென்று கூறும் அப்பிரிவில், உயிர்காக்கும் மருந்து செய்வதற்காகப் பாம்பு விஷம் சேகரிப்பதும் ஒரு காரியமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இருளர் சங்கம் நிற்பது இந்த ஒரு வரியின்மேல்.

சங்கம் பிறந்த வரலாறும் வாசகர்கள் அறியத்தக்கது. அதற்கு முன்பு இருளர் பாம்பு பிடித்தது தோலுக்காக. தோல் வியாபாரி கொடுத்த சொற்பக் காசுக்கு அவர்கள் பிடித்த பாம்பு, அயல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பையாகவும் காலணியாகவும் மாறிற்று. லாபம் வியாபாரியுடையது, கடிபடும் அபாயம் இருளனுடையது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி அடியோடு தடைசெய்யப்பட்டதும் தோல் வியாபாரிகள் வேறு வியாபாரத்துக்குச் சென்றனர். இருளர் செல்வதற்கு வேறிடம் இருக்கவில்லை. அச்சமயத்தில் ஸ்ரீ ராமுலஸ் விடேகர் என்பார், இவர்களுடைய வித்தையை அறிந்து மதித்தவராகையால், பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாமென்று யோசனை கூறி உடனிருந்து உழைத்தார். 1978-ல் சங்கம் பதிவாயிற்று. அவரும் பிறரும் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையின் வளாகத்திலேயே சங்கத்தின் பாம்புப் பண்ணையும் அமைந்தது.

வேலை நடக்கும் விதம் மிக எளியது. எளியதாகத் தோன்றுவது செய்பவரின் திறமையால். கையில் கடப்பாரையும் தோளில் துணிப்பையும் கொண்டு ஆணும் பெண்ணுமாகப் புறப்படுவார்கள். வரப்பில் கிடக்கும் சட்டையையும், வளைவாயில் படிந்த தடத்தையும் கண்டு, உள்ளே இருப்பது இன்ன பாம்பென்று சொல்லிவிடுவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு இனங்களுக்குமே அனுமதி. பண்ணையில் வாய்க்குத் துணிகட்டிய மண்பானைகளில் பாம்புகளைச் சில வாரம் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுப்பார்கள். பின்னர் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளமுள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால் அதைத் தொடுவதில்லை. எடுத்த விஷம் உலர்ந்த தூளாகி மருந்து உற்பத்தியாளரிடம் செல்கிறது. அங்கே அதைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். யார், எந்தப் பாம்பை, என்று கொண்டுவந்தாரென்பதெல்லாம் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கும். 1991-ல் சட்டப்புத்தகத்திலிருந்து நீங்கிய கணக்கெழுதும் கடமையை, பள்ளிக்கூடம் செல்ல வாய்ப்பில்லாத ஒரு சமூகம் பானைக்குப் பானை நிறைவேற்றி வருகிறது.

இனி எண்ணுக்கு வருவோம். ஒவ்வொரு வருஷமும் எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாமென்று சர்க்கார் உத்தரவு பிறத்தல் வேண்டும். உத்தரவு தாமதித்தால் பருவம் சர்க்காருக்காகக் காத்திருப்பதில்லை. மழைக்குப் பின் வளைகளிலிருந்து பாம்புகள் வெளிவரும் வாரங்கள் சில. அவை கழிந்தால் கழிந்தவையே. அந்த வாரங்களில் உத்தரவு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டிருக்குமாயின், 300-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் குடும்பங்கள் அடுப்பு மூட்டுவது எப்படி? பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், உத்தரவு வரும்வரை செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிப் போய்விட்டால், திரும்பி வருவது அவர்கள் இஷ்டத்தில் இல்லை. அங்கெல்லாம் இருளர்கள் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட செய்திகளை நமது பத்திரிகை வாசகர்கள் ஒருமுறைக்குப் பலமுறை படித்திருப்பார்கள். தாமதமான உத்தரவுக்கும் அச்செய்திகளுக்கும் சம்பந்தமில்லை என்று எவரும் எண்ணவேண்டாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வழக்கம் இங்கே ஒப்புநோக்கத்தக்கது. மென்மயிர்த் தோலுக்காக விலங்கை இரும்புப் பொறியில் மாட்டும் தொழில் அங்கே இன்றும் உண்டு. அத்தொழிலில் நமக்கு உவப்பில்லை. ஆனால் தொழிலாளிக்கும் சர்க்காருக்கும் உள்ள உறவு வேறு விஷயம். பொறி வைப்பவன் தன் பெயரில் தனக்கென்று லைசென்சு பெறுகிறான். பல ராஜ்யங்களில் அவன் வைக்கும் ஒவ்வொரு பொறியிலும் அவன் பெயரோ எண்ணோ பொறித்த தகடு இருத்தல் வேண்டும். ராஜ்யந்தோறும் பொறிவைப்போர் சங்கமுண்டு. 1959-ல் தேசிய சங்கமும் ஏற்பட்டது. புதிதாகத் தொழிலில் இறங்குவோருக்குப் பாடம் சொல்வதில் சங்கத்தார் பங்கு கொள்கிறார்கள். பருவம் என்று தொடங்கும், எத்தனை பிடிக்கலாம் என்று இலாகா ஆலோசிக்கையில் சங்கத்தார் முன்வந்து பேசுகிறார்கள், எதிர்க்கவும் செய்கிறார்கள்.

அந்த அமெரிக்காவே 2017-ல் நமது இருளர் இருவரை அழைத்துக்கொண்டது. பிளாரிடா ராஜ்யத்தின் சதுப்பு நிலங்களில் பர்மா மலைப்பாம்பு பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளையெல்லாம் விழுங்கிவந்தது. 2016-ல் போட்டி அறிவித்து, சுமார் ஆயிரம் பேர் ஒரு மாதம் முயன்று 106 பாம்புகளையே பிடித்தார்கள். செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து சென்ற ஸ்ரீ மாசி சடையனும் ஸ்ரீ வடிவேல் கோபாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளாகவே பத்துக்கு மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். கைவிடப்பட்ட ஓர் ஏவுகணைத் தளத்தினடியில் பதுங்கியிருந்த 16 அடிப் பாம்பும் அவற்றில் ஒன்று. 2023-ல் இவ்விருவருக்கும் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ விருதளித்து கௌரவித்தது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் ஜனாதிபதியின் கையால் பதக்கம் பெறத் தகுதியுள்ளவர், தம் ஜில்லாவில் இந்த வருஷம் எத்தனை விரியன் பிடிக்கலாம் என்று அபிப்பிராயம் கூறத் தகுதியற்றவரா?

நம்மவர் காட்டுவாசிகளுக்கு எண் கொடுத்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொடுத்தோம், அது வேறுவித எண். 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வெள்ளைக்கார சர்க்கார் கிராமம் கிராமமாக மனிதர்களைப் பதிவு செய்து, விரல் ரேகை எடுத்து, இராக்காலங்களில் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகச் செய்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ல் ஒழிந்தது. சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நமது ஜில்லாவின் பெயரையே சுமந்துகொண்டு சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருப்போரின் பாட்டன்மார் அந்த எண்ணைச் சுமந்தவர்கள். ஆகையால் எண் என்றதும் அஞ்சுவது அவர்கள் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஒருவனைக் கண்காணிக்கக் கொடுக்கும் எண்ணுக்கும், அவனுடைய வித்தையை அங்கீகரிக்கக் கொடுக்கும் எண்ணுக்கும் உள்ள பேதத்தை இலாகாக்கள் தம் நடத்தையால்தான் காட்டுதல் கூடும்.

சில வருஷங்களுக்கு முன் நாம் ஒரு வழக்கு விஷயமாகக் கோர்ட்டில் காத்திருந்தபொழுது, கௌதாரிக்குக் கண்ணி வைத்த குற்றத்துக்காக ஒரு கிழக் குருவிக்காரரைக் கூண்டில் நிறுத்தினார்கள். “உம்மிடம் லைசென்சு இருக்கிறதா?” என்று மாஜிஸ்டிரேட் வினவினார். “எங்க பாட்டன் காலத்துல காட்டுக்கு ஏதுங்க சாமி லைசென்சு?” என்று கிழவர் மெய்யாகவே அறிய விரும்பியவர்போல் திருப்பிக் கேட்டார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அபராதம் விதிக்கப்பட்டது, சட்டப்படி அது சரியே. அந்த லைசென்சைத் தேடி அவர் எந்த ஆபீசுக்குச் சென்றிருந்தாலும் கிடைத்திராது, அப்படி ஒன்று இப்பொழுது இல்லை என்பதை அக்கிழவருக்குச் சொல்லிய ஆள் அங்கே ஒருவருமில்லை, நாமும் சொல்லவில்லை. நரிக்குறவரும் குருவிக்காரரும் 2023-ல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். சான்றிதழ் கிடைத்தது, ஊசியும் பாசிமணியும் விற்பதைத் தவிர வேறு தொழில் கிடைக்கவில்லை.

நமது ஜில்லாக்களின் விஷயம் இதில் எங்கே வருகிறதென்று கேட்கலாம். இருளர் சங்கம் பாம்பு பிடிப்பது வடகோடிக் கடற்கரைப் பக்கத்து ஜில்லாக்களில். ஒரே இனத்துப் பாம்பாயினும் இடத்துக்கிடம் விஷத்தின் தன்மை வேறுபடுகிறதென்றும், ஓரிடத்து விஷத்தைக் கொண்டு செய்த மருந்து மற்றோரிடத்துக் கடிக்கு முழுப்பலன் தருவதில்லையென்றும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரின் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. தேசம் முழுவதும் ஒரு மூலையின் விஷத்தை நம்பியிருப்பதன் குறை இது. இருளரின் குறையன்று, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட எல்லையின் குறை. சேர்வராயன் அடிவாரத்திலும் சங்ககிரிக் கரடுகளிலும் திரியும் விரியனின் விஷம் எந்த மருந்துக் குப்பியிலும் சேர்ந்ததாக நாம் அறியோம்.

இங்கே பாம்புகளுக்குப் பஞ்சமா? நாமக்கல்லைச் சுற்றிலும் கோழிப்பண்ணைகள். தீவனம் இருக்குமிடத்தில் எலி. எலி இருக்குமிடத்தில் பாம்பு. மரவள்ளிக் கிடங்கு, கரும்புத் தோட்டம், தறிக்கூடம் எங்கும் இதே கதைதான். பாம்பு வந்தால் ஜனங்கள் தடியெடுக்கிறார்கள். சற்று விவேகமுள்ளவர்கள் தீயணைப்பு இலாகாவுக்குத் தகவல் சொல்கிறார்கள். அவ்வீரர்கள் வந்து பிடித்துக் காப்புக்காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷம் பாம்போடு போகிறது. பிடிக்கத்தான் வேண்டுமென்ற பாம்பிலிருந்து விஷத்தையும் எடுத்துக்கொள்ள இங்கே ஒரு சங்கம் இல்லை.

அப்படியொரு சங்கம் ஏன் ஏற்படலாகாது? தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைச்சரிவுகளில் இருளர்கள் வசிக்கிறார்கள். குருவிக்காரரின் வாலிபர்கள் இங்கேயே இருக்கிறார்கள். வடநெம்மேலியின் முதியவர்களை ஆசான்களாக அழைத்து ஓராண்டு கற்பித்தால் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு கிளையோ தனிச் சங்கமோ நடத்துவது இயலாத காரியமன்று. தொழிற் கூட்டுறவு என்பது சேலத்துக்குப் புதிதுமன்று. 1981-ல் ஏற்பட்ட சேகோசர்வ் சங்கம் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களை இடைத்தரகர் பிடியிலிருந்து எவ்வளவு தூரம் விடுவித்ததென்பதை நம் வாசகர்களில் பலர் சொந்த அனுபவத்தில் அறிவார்கள். அச்சங்கமும் இருளர் சங்கமும் ஒரே தொழில் வணிக இலாகாவின் குழந்தைகள். ஜவ்வரிசி முதலாளியின் சங்கத்துக்குக் கிடைக்கும் செவி, பாம்பு பிடிப்பவனின் சங்கத்துக்கும் கிடைத்தல் வேண்டும்.

ஆட்சேபங்கள் உண்டு. பாம்பைப் பிடித்து விஷமெடுத்து விடுவதால் இனம் குன்றும் என்று வன உயிரின அபிமானிகள் அஞ்சுகின்றனர். உலக சுகாதார ஸ்தாபனமும், காட்டிலிருந்து பிடித்து விட்டுவிடுவதைக் காட்டிலும் பண்ணையிலேயே நெடுங்காலம் வளர்த்து விஷமெடுக்கும் முறையையே சிலாக்கியமானதாகக் கருதுகிறது. இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. விடப்பட்ட பாம்பு பிழைக்கிறதா என்று பின்தொடர்ந்து கணக்கெடுப்பது வன இலாகாவின் வேலை. அக்கணக்கெடுப்புக்கு இருளரைவிடத் தகுந்த ஆளை அவர்கள் எங்கும் தேடவேண்டியதில்லை. பண்ணை முறையே மேலென்று முடிவாகுமானால் அதுவும் வரட்டும். பண்ணையின் சொந்தக்காரர் யார் என்பதிலேதான் நமக்குக் கவலை. விஞ்ஞானத்தின் பெயரால் கண்ணாடிக் கூடமொன்று எழுந்து, அதில் பட்டதாரிகள் உத்தியோகம் பெற, இருளர் கூட்டிப் பெருக்கும் ஆட்களாக நிற்பது முன்னேற்றமாகாது. தோல் வியாபாரி காலத்தில் நடந்ததும் அதுவே.

இன்னொரு சாராரின் யோசனை, ஆர்வமுள்ள எவருக்கும் லைசென்சு கொடுத்துவிடலாமென்பது. இதை நாம் முற்றிலும் எதிர்க்கிறோம். செல்போன் காமிராவுக்கு முன் நல்ல பாம்பை முத்தமிட்டு வேடிக்கை காட்டும் வாலிபர்கள் பெருகிவிட்டார்கள், மாண்டவர்களும் உண்டு. லைசென்சு சங்கத்தின் வழியே வருதல் வேண்டும்; சங்கத்தின் பதிவேட்டுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டதாயிருத்தல் வேண்டும். அதே சமயம் சங்கம் உறுப்பினர்களுடையதாகவே இருத்தல் வேண்டும். நிர்வாகக் குழுவைக் கலைத்துத் தனி அதிகாரியை நாற்காலியில் அமர்த்துவது நமது கூட்டுறவு உலகம் பல முறை கண்ட வைபவம். விஷப்பல்லைக் கையால் பிடிப்பவனுக்குத் தன் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பிடிக்கத் தெரியாதென்று அதன் பொருள்.

காரியத்தின் அவசரத்தை எண்களே கூறும். 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் சுமார் 12 லட்சம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 உயிர்கள். பெரும்பாலோர் கிராமவாசிகள், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 30-லிருந்து 69 வயது வரை உள்ளவர்கள், அதாவது குடும்பத்தைத் தாங்குவோர். 2030-க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைக்க மத்திய சர்க்கார் 2024-ல் ஒரு திட்டம் வகுத்தது. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார், பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயமாக அறிவிக்கவேண்டிய நோய்களில் சேர்த்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். எந்தத் தாலூகாவில், எந்த மாதத்தில், எத்தனை கடி என்பது இனிமேல் சர்க்கார் கையில் கணக்காகவே இருக்கும். பாம்பு பிடிக்கும் எண்ணை அந்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்க இலாகாக்களுக்கு இனி என்ன தடை? கடியைக் குறிக்கும் சுகாதார இலாகாவும், பாம்பைக் காக்கும் வன இலாகாவும், சங்கத்தை மேற்பார்க்கும் தொழில் இலாகாவும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சங்கத்தின் பிரதிநிதிகள் இருவரையும் உடன் அமர்த்திக்கொண்டு, வருஷா வருஷம் என்றில்லாமல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறையேனும் எண்ணை நிர்ணயிக்கட்டும். உத்தரவு ஆடி மாதத்துக்குள் சங்கத்தின் கையில் சேரட்டும்.

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சட்டசபை அங்கத்தினர்களைக் கட்சி பேதமின்றி நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. வன இலாகா மான்யக் கோரிக்கை அடுத்த முறை சபைக்கு வரும்பொழுது, யானையைப் பற்றியும் சந்தனமரத்தைப் பற்றியும் பேசுவதற்கிடையே, இந்த லைசென்சைப் பற்றி ஒரு கேள்வி எழுப்புங்கள். இந்த வருஷத்து உத்தரவு எந்தத் தேதியில் பிறந்தது, அதில் குறித்த எண் என்ன, அதை நிர்ணயிக்குமுன் பாம்பு பிடிப்போரில் எவரையேனும் கலந்தார்களா, மேற்கு ஜில்லாக்களுக்கு எல்லையை விரிக்க உத்தேசம் உண்டா என்று கேளுங்கள். மந்திரி தரும் பதிலை நமக்கு அனுப்பினால் ஓரெழுத்தும் குறையாமல் இதே பக்கத்தில் பிரசுரிக்கிறோம்.